பிரிக்காத மூன்று டக்

முதலில் காரின் ஏ.சி. நின்றது. அரை மணி நேரம் கழித்துக் காரும் நின்றது. ஸ்ரீபெரும்புதூர் தாண்டி, இரண்டு பக்கமும் தொழிற்சாலைச் சுவர்கள் மட்டுமே தெரியும் இடம். ஓட்டுநர் முன்மூடியைத் திறந்து வைத்துவிட்டு யாருக்கோ போன் செய்தார். ஆனி மாத வெயில். முந்தைய நாள் காலை பெர்கனில் நாங்கள் வீட்டைப் பூட்டியபோது மழை பெய்துகொண்டிருந்தது. நார்வேயின் அந்த ஊரில் மழை ஒரு செய்தியே இல்லை.

என் மகள் தாரணி பின் இருக்கையில் கம்பளிச் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். பதினொரு வயது.

“பாப்பாவுக்கு வேர்க்கவே இல்லியே மேடம்,” என்றார் ஓட்டுநர். “என்னப் பாருங்க, சட்டையப் பிழிஞ்சா ஒரு சொம்பு வரும். வெளிநாட்டுப் புள்ளைங்க எறங்கன ஒடனே ஐயோ அம்மான்னு குதிக்கும். இது நம்ம ஊர் ரத்தம்.”

எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது.

மெக்கானிக் வர இரண்டு மணி நேரமாகும் என்றதும், பெட்டிகளைக் காரிலேயே விட்டுவிட்டு, கைப்பையோடு காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏறினோம். நிற்கத்தான் இடம் இருந்தது. பூக்கூடையை மடியில் வைத்திருந்த ஒரு பெண் நகர்ந்து உட்கார்ந்து தாரணிக்கு இடம் கொடுத்தாள்.

“மூணாவது படிக்கிறியா கண்ணு?”

“ஆறாவது முடிச்சிட்டேன்,” என்றாள் தாரணி.

“ஆறாவதா!” அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். “எம் பொண்ணு அஞ்சாவதுதாம்மா. இவளவிட ஒரு தல ஜாஸ்தி. சரியா சாப்பிடறதில்லியா?”

“நல்லாத்தான் சாப்பிடறா,” என்றேன். நம் ஊரில் முன்பின் தெரியாதவர்கள்கூடக் குழந்தையை எடைபோட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்கள் என்று எனக்குள் எரிச்சல். பெர்கனில் பத்து வருடமாக அடுத்த வீட்டில் இருப்பவர் தாரணியின் வயதைக் கேட்டதில்லை. அதுதான் நாகரிகம் என்று அன்றுவரை நினைத்திருந்தேன்.

“நீ இன்னா வேலம்மா பண்ற?”

“மீன் ஆராய்ச்சி.”

“ஆங், எங்க மாமாகூட ஏரியக் குத்தகைக்கு எடுத்துக்கினு மீன் வளக்கறாரு. நல்ல தொழில்தான்.”

அவள் சொன்னதில் பெரிய தவறில்லை. இருபத்திரண்டு வருடமாக என் வேலை மீன் எப்படி வளர்கிறது என்று பார்ப்பது. சென்னையில் முனைவர் பட்டத்துக்கு ஜிலேபிக் கெண்டை, பிறகு நார்வேயில் சால்மன். மூளையின் அடியில், மூக்குத் தண்டுக்கு நேர் பின்னால், பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. அது வளர்ச்சி ஹார்மோனை ரத்தத்தில் விடும். அது கல்லீரலுக்குப் போய்ச் சொல்ல, கல்லீரல் இன்னொன்றைச் சுரக்கும். உருவத்தில் இன்சுலினை ஒத்தது என்பதால் அதற்கு இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி என்று பெயர். நாங்கள் சுருக்கமாக ஐ.ஜி.எஃப். என்போம். எலும்பை நீட்டுவது, தசையைக் கட்டுவது எல்லாம் பெரும்பாலும் இதன் வேலை. கடலில் மிதக்கும் வலைக்கூண்டுகளிலிருந்து மாதம் ஒருமுறை மீன்களை எடுத்து, மயக்கி, நீளம் அளந்து, எடை பார்த்து, ரத்தம் எடுத்து, திரும்ப விடுவோம். ஒரு கூண்டில் மீன்கள் இரண்டு மாதம் வளராமல் நின்றால் என் தூக்கம் போய்விடும்.

ஆராய்ச்சி நிலையத்தில் என்னைப் ‘பொறுமையற்றவர்’ என்பார்கள். அளவு வரும்வரை உட்காரத் தெரியாது. அந்த மூன்று மணி நேரப் பயணத்திலும் கைப்பேசியில் ஒரு கூண்டின் எண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளையார்பாளையத்தில் அண்ணன் வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகளுக்குக் கல்யாணம், அதற்குத்தான் வந்தோம். இரு பக்கத்து வீடுகளிலும் தறி ஓடிக்கொண்டிருந்தது. பெர்கனில் மழைச் சத்தம் இல்லாமல் தூங்க முடியாத தாரணி, இங்கே தறிச் சத்தத்தில் பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டாள். கார் சரியாகிப் பெட்டிகள் வந்துசேர்ந்த பிறகு, மாலை ஆறு மணிக்கு எழுப்ப வேண்டியிருந்தது.

மறுநாள் வியாழக்கிழமை, காலையில் குடலை இட்லி. மூங்கில் கூடையில் மந்தாரை இலை சுற்றி வேகவைத்தது. மிளகு, சீரகம், சுக்கு, நெய். பழுப்பு நிறப் பாலாடைக்கட்டியும் ரொட்டியும் தின்று மரத்துப்போன நாக்குக்கு முதல் துண்டிலேயே உயிர் வந்தது. நான் மூன்று துண்டு தின்றேன். தாரணி ஒரு துண்டை முக்கால் மணி நேரம் தின்றாள்.

“இந்தப் பொண்ணு எவ்ளோ அடக்கம் பாரேன் விஜி,” என்றாள் அண்ணி. “நம்மூட்டுப் புள்ளைங்க காலையிலேந்து பந்தக்கால்ல தொங்கிக்கினு கெடக்குதுங்க. இது உக்கார வெச்ச எடத்துல உக்காந்துக்குது. நல்லா வளத்திருக்க.”

கல்யாண வீட்டில் அடக்கமான பெண் பிள்ளைக்குக் கிடைக்கும் பாராட்டே தனி. அன்று முழுக்க வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். ஓடுவதில்லை, கத்துவதில்லை, மின்விசிறிக்கு அடித்துக்கொள்வதில்லை, குரல்கூட எவ்வளவு கனமாக, பெரிய மனுஷி மாதிரி. ஒவ்வொன்றுக்கும் நான் சிரித்தேன்.

அண்ணியின் தங்கை தன் மகளை அழைத்து வந்திருந்தாள். போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் பெண். “அக்கா, நீங்க வளர்ற மருந்துல பெரிய டாக்டராமே. இவளுக்கு ரெண்டே ரெண்டு சென்டிமீட்டர் கம்மி. ஒரு ஊசி இருந்தா போடுங்க.”

“நான் மீன் டாக்டர்மா. இருபத்தொரு வயசுல எலும்பு எப்பவோ மூடியிருக்கும். எந்த ஊசியும் ஏறாது.”

“மீனா இருந்தாலும் வளர்றது வளர்றதுதானே?”

“மம்மி, வுடு, நான் வி.ஏ.ஓ. எழுதிக்கறேன்,” என்றாள் அந்தப் பெண். “அதுக்கு உக்காந்துக்கினு வேலை.”

எல்லாரும் சிரித்தார்கள். வளரும் எலும்பின் நுனியில் இருக்கும் தட்டு எப்படி மூடுகிறது என்று ஒரு தட்டைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கினேன். தாரணி சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கோமதியின் கடைக்குப் போனோம். கோமதி என்னோடு பன்னிரண்டாம் வகுப்புவரை படித்தவள். வீட்டின் முன்னறையில் இரண்டு தையல் மெஷின் போட்டு, ரவிக்கையும் பட்டுப் பாவாடையும் தைக்கிறாள். கல்யாணப் பருவத்தில் அவளிடம் துணி கொடுப்பதே பெரிய சிபாரிசு.

மூன்று வருடத்துக்கு முன் இதே ஊரில் தாரணிக்கு அவள்தான் பட்டுப் பாவாடை சட்டை தைத்தாள். கத்தரிப்பூ நிறம், பச்சைக் கரை. நம் ஊரில் குழந்தைக்குப் பட்டெடுத்தால் அன்றைய அளவுக்குத் தைக்க மாட்டார்கள். துணியை நீளமாக விட்டு, கரைக்கு மேலே மடித்து மடித்து டக் பிடிப்பார்கள். பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டால் பாவாடை கீழே இறங்கும். கோமதி அன்று மூன்று டக் வைத்து, “வருஷத்துக்கு ஒண்ணு பிரிச்சுக்கோ,” என்று சொல்லி அனுப்பினாள்.

அந்தப் பாவாடையைத்தான் இந்தக் கல்யாணத்துக்கும் கொண்டு வந்திருந்தேன். கொடுத்துவிட்டு, “பாவாடை சரியா இருக்கு, அதத் தொடாத. சட்டை மட்டும் பக்கத்துல இறுக்குது, கொஞ்சம் தளர்த்திக் குடு,” என்றேன்.

கோமதி பாவாடையை விரித்தாள். கரைக்கு மேலே விரலால் தடவிக்கொண்டே போனாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“இன்னாடி விஜி, இது நான் போட்ட நூலு.”

“ஆமா, நீதானே தச்ச.”

“அது தெரியுது. மூணு டக்கும் அப்படியே இருக்குது. நீ ஒண்ணுகூடப் பிரிக்கலியா?”

“தேவைப்படல. நீளம் சரியாத்தான் இருக்கு.”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு அலமாரியிலிருந்து அளவு நோட்டை எடுத்தாள். ஒரு வருடத்துக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். ஒவ்வொரு பக்கத்திலும் பேர், அளவு, அந்தத் துணியின் சின்னத் துண்டு ஒன்று குண்டூசியில். மூன்று வருடத்துக்கு முந்தைய நோட்டில் கத்தரிப்பூத் துண்டைத் தேடி எடுத்தாள். “தாரணி, விஜி பொண்ணு. பாவாட நீளம் முப்பது. மார்பு இருபத்தஞ்சு.” டேப்பைக் கழுத்திலிருந்து உருவினாள். “இப்படி வா கண்ணு. நேரா நில்லு.”

இடுப்பிலிருந்து கணுக்கால்வரை அளந்தாள். இன்னொரு முறை அளந்தாள். மார்பைச் சுற்றி அளந்தாள்.

“நீளம் முப்பதர. மார்பு இருபத்தொம்போது.” பென்சிலைக் காதில் செருகினாள். “கொழந்தைய உள்ள போய் மோர் குடிக்கச் சொல்லு.”

தாரணி உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினாள். “மூணு வருஷத்துல அர இஞ்சுடி. அதுவும் நான் டேப்ப கொஞ்சம் தளர்த்திப் புடிச்சதால இருக்கும். எட்டு வயசுலேந்து பதினொண்ணுக்குள்ள ஒரு டக் தாங்கறதில்ல, தெரிஞ்சுக்கோ. மூணையும் பிரிச்சுட்டு, கரைய மாத்திக் குடுன்னு வந்து நிப்பாளுங்க. இவ பக்கவாட்டுல வளந்துக்கினு இருக்கா. உசரமே போவல. நீ இன்னா பாத்துக்கினு இருந்த?”

நான் நோட்டைப் பார்த்தேன். முப்பது. முப்பதரை. இருபத்திரண்டு வருடமாக இப்படிப்பட்ட இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. அந்தக் கூண்டு மீன்களாக இருந்திருந்தால் இரண்டாவது மாதமே பார்த்திருப்பேன்.

நார்வேயில் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் ஒருமுறை உயரம் பார்ப்பார்கள். அப்போது எல்லாம் சரியாக இருந்தது. அடுத்தது எட்டாம் வகுப்பில்தான். நடுவில் எத்தனையோ அடையாளங்கள் என் கையில் இருந்தன. இரண்டு வருடமாக அதே ரப்பர் பூட்ஸ். நல்ல தரம் என்று கடைக்காரரிடமே பாராட்டினேன். ‘வளருவாள்’ என்று ஒரு சைஸ் பெரிதாக எடுத்த மழைச்சட்டை இன்னும் பெரிதாகவே இருந்தது. மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். பாவாடை நீளம் சரியாக இருக்கிறது என்று பெட்டியில் மடித்து வைத்தபோதுகூட, மூன்று வருடப் பாவாடை ஏன் சரியாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கோமதியின் கடை வாசலிலேயே காரணம் தேடத் தொடங்கிவிட்டேன். வளர்ந்துகொண்டிருந்த குழந்தை திடீரென்று நின்றால், அந்தப் பட்டாணிச் சுரப்பியில் ஏதாவது அழுத்தினாலும் அப்படி நடக்கும். மூளைக்குள் ஒரு கட்டி. இதற்கு மேல் என் எண்ணம் போகவில்லை. ஷேர் ஆட்டோவில் ஏறி, தாரணியை நெருக்கி உட்கார வைத்து, தலை வலிக்குமா, கண் மங்குமா, வாந்தி வருமா என்று கேட்டுக்கொண்டே போனேன்.

“ஏன்மா இவ்வளவு கேக்கற?” என்றாள்.

“சும்மாதான்.”

எதிரில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஆஸ்பத்திரிதானே போறீங்க? மொதல்ல அவங்கள எறக்குப்பா,” என்று ஓட்டுநரிடம் சொன்னார். நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்த பெண்ணிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஐ.ஜி.எஃப்., அதைச் சுமந்து போகும் புரதம், வளர்ச்சி ஹார்மோன், கார்டிசால், இன்னும் நான்கு. அவள் தாளை மேலும் கீழும் பார்த்தாள்.

“இதெல்லாம் சென்னைக்குத்தான் போவணும் மேடம். நாலு நாள் ஆவும். எந்த டாக்டர் எழுதனாங்க?”

“நானே எழுதினேன்.”

“நீங்க டாக்டரா?”

“ஆமாம்.” முந்தைய நாள் ‘மீன் டாக்டர்’ என்று சிரித்தவள், அன்று அந்த ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டேன்.

ஊசி ஏறும்போது தாரணி அசையவில்லை. ரத்தம் எடுத்த பெண், “தங்கம்மா இது, எவ்ளோ சமத்து,” என்றாள். அந்தச் சொல்லுக்கு முதன்முறையாக நான் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து என் கணவருக்குப் போன் செய்தேன். அவர் பெர்கனில் வேலையில் இருந்தார். சொன்னேன்.

“நீ பாத்திருப்பேன்னு நெனச்சேன் விஜி,” என்றார். “வளர்ச்சி உன்னோட சப்ஜெக்டாச்சே.”

குற்றமாகச் சொல்லவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு குழந்தை மருத்துவரிடம் போனோம். அண்ணி விசாரித்துச் சொன்ன இடம். டோக்கன் முப்பத்து நான்கு. பெர்கனில் ஒரு நிபுணரைப் பார்க்கக் கடிதம் வரும், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், ஆனால் போன அன்று காத்திருக்காமல் நேரே உள்ளே போய்விடலாம். இங்கே மூன்று மணி நேரம்தான். ஆனால் ஒரே பெஞ்சில் ஐந்து குடும்பங்களின் வியாதிகளையும் கேட்டாகிவிட்டது. பக்கத்தில் இருந்தவர் கையிலிருந்த வேர்க்கடலையைத் தாரணிக்கு நீட்டினார். எனக்கும் நீட்டினார். நான் எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். “உக்காருங்கம்மா, நீங்க நடந்தா டோக்கன் ஓடாது,” என்றார்.

மருத்துவர் என்னைவிடச் சிறியவர், நாற்பது இருக்கலாம். நான் உள்ளே நுழைந்ததுமே தொடங்கிவிட்டேன். மீன் வளர்ச்சிதான் என் ஆராய்ச்சி, இவளுக்கு வளர்ச்சி நின்றுவிட்டது, ஐ.ஜி.எஃப். அனுப்பியிருக்கிறேன், தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், எங்கே நன்றாக எடுப்பார்கள்?

“மேடம், ஒரு நிமிஷம்.” அவர் தாரணியைப் பார்த்தார். “நீ சொல்லும்மா. உன் பேரு என்ன?”

சுவரில் வரைந்திருந்த ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தோரம் அவளை நிறுத்தி அளந்தார். நூற்று இருபத்து நான்கு சென்டிமீட்டர். நாக்கைப் பார்த்தார், கையின் தோலைத் தேய்த்துப் பார்த்தார், தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டுத் தொண்டையில் இரண்டு விரலை வைத்தார்.

“ஸ்கூல்ல தூக்கம் வருமா?”

“மத்தியானம் வரும்.”

“தினமும் வெளிக்குப் போறியா?”

தாரணி என்னைப் பார்த்துவிட்டு இல்லை என்று தலையை ஆட்டினாள். “நாலு நாளைக்கு ஒரு தடவ.” எனக்கு அது தெரியாது.

“குளிருமா உனக்கு?”

“இந்த ஊர்ல குளிரல. இங்க நல்லா இருக்கு. அங்க எப்பவும் குளிரும்.” சற்று யோசித்துவிட்டு, “அங்க எல்லாருக்கும் குளிரும்தானே,” என்றாள்.

மருத்துவர் ஒரு நாற்காலியில் அவளை மண்டியிடச் சொல்லி, குதிகாலுக்கு மேலே சுத்தியால் தட்டினார். பாதம் இழுத்தது. திரும்பி இறங்க நேரம் எடுத்துக்கொண்டது. அந்த மந்தமான இறக்கத்தை நானும் பார்த்தேன்.

“தைராய்டு அனுப்பியிருக்கீங்களா மேடம்?”

கையில் இருந்த என் தாளைப் பார்த்தேன், நான் எழுதாதது அதில் இருக்குமோ என்பதுபோல.

“மீன்ல பாப்பீங்க இல்ல?” என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“பார்ப்போம்.” ஆற்று மீன் கடலுக்குப் போகும் பருவத்தில் தைராய்டு ஏறும். நார்வேயில் நான் எழுதிய முதல் ஆய்வுக் கட்டுரையே அதுதான். அதுமட்டுமல்ல; பட்டினி போட்ட மீனுக்கு வளர்ச்சி ஹார்மோன் ஏறியிருக்கும், ஐ.ஜி.எஃப். மட்டும் இறங்கியிருக்கும். ஐ.ஜி.எஃப். குறைந்தால் உடனே மூளையைச் சந்தேகப்படாதே, முதலில் தீனி, தண்ணீரின் குளிர், தைராய்டு எல்லாம் பார் என்று வருடா வருடம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். என் குழந்தை என்றதும் எனக்குத் தெரிந்த ஒரே தெருவில் ஓடியிருக்கிறேன்.

“இது இங்கயே பாப்பாங்க. நாளைக்கு வந்துடும்,” என்று சீட்டு எழுதினார். “எம்.ஆர்.ஐ. அப்புறம் யோசிப்போம்.”

“கட்டி இல்லைன்னு சொல்ல முடியுமா?”

“இப்போ முடியாது மேடம். நாளைக்குப் பேசுவோம்.”

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள். கோமதி சட்டையை மட்டும் தளர்த்தி அனுப்பியிருந்தாள்; பாவாடையைத் தொடவில்லை. மண்டபத்தில் நாதஸ்வரம், வீடியோக்காரரின் விளக்கு, மாப்பிள்ளை வீட்டாரின் காபிக் கோரிக்கைகள். நான் கைப்பேசியைக் கையில் பிடித்தபடியே அட்சதை போட்டேன். அரிசி பாதி கைப்பேசி மேல் விழுந்தது.

தாலி கட்டியதும் குடும்பப் படம். மேடையில் புகைப்படக்காரர் ஆட்களை வரிசைப்படுத்தினார். “பெரியவங்க பின்னாடி. வயசுப் பொண்ணுங்க சைடுல. வாண்டுங்கல்லாம் முன்னாடி உக்காருங்கப்பா.” அவர் சொல்லி முடிப்பதற்கு முன்பே தாரணி நடந்து போய், ஏழு வயது, எட்டு வயதுப் பிள்ளைகளின் நடுவில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. பாவாடையைச் சரிசெய்து, கையை மடியில் வைத்து, கேமராவைப் பார்த்தாள். அவளோடு ஒரே வயதுள்ள இரண்டு பெண்கள் ஓரத்தில் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு நின்றிருந்தார்கள்.

படம் எடுத்து முடிந்தபோது போன் வந்தது. நாதஸ்வரத்தில் ஒன்றும் கேட்கவில்லை. சமையற்கட்டுப் பக்கம் ஓடினேன். அங்கே அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார்கள்.

“மேடம், தைராய்டு ரொம்பக் கம்மி,” என்றார் மருத்துவர். “அதத் தூண்டற ஹார்மோன், அஞ்சுக்குள்ள இருக்க வேண்டியது, நூறுக்கு மேல. வேல செய்யாதது கழுத்துல இருக்கற தைராய்டு. தலையில இருக்கற சுரப்பி, பாவம், அதக் கத்திக் கத்திக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கு. ஒரு மாத்திரதான். காலைல வெறும் வயித்துல, அரமணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. கொறஞ்ச அளவுல தொடங்கி ஏத்திக்கலாம்.”

“எம்.ஆர்.ஐ.?”

“மாத்திரைக்குக் கேக்கலன்னா பாப்போம். இப்போ வேணாம்.”

நான் ஒரு அரிசி மூட்டையில் உட்கார்ந்துவிட்டேன். சமையல்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

“டாக்டர், விட்டுப்போன உயரம்?”

“வேகமா வளருவா, நீங்களே பாப்பீங்க. ஆனா மூணு வருஷம், மேடம். எல்லாமே திரும்பி வந்துடும்னு நான் சொல்ல மாட்டேன். நீங்களும் அவகிட்ட சொல்லாதீங்க.”

அதை அவர் சொல்லியிருக்க வேண்டியதில்லை. நின்றுபோன மீன்களுக்குத் திரும்பத் தீனி கொடுத்தால் விட்டுப்போன வளர்ச்சியில் எவ்வளவை எட்டிப் பிடிக்கும், எவ்வளவை எட்டாது என்று என்னிடம் பெட்டி பெட்டியாக எண்கள் இருக்கின்றன.

பந்தியில் தாரணியின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். ஒரு மாத்திரை, தினமும், பல வருடம். அவள் வடையைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள். “ஊசி இல்லல்ல?” என்றாள். “இல்லை.” “சரி.” இவ்வளவுதான். பாயசத்தை இரண்டாவது முறை கேட்டு வாங்கினாள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணி. பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முதல் மாத்திரை. கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. தாரணி அதை நாக்கில் வைத்து, தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து காட்டினாள். பிறகு அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். அண்ணன் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்தோம். கீழே அண்ணி நேற்று மிஞ்சிய சாம்பாரைச் சூடு பண்ணும் வாசனை.

முந்தைய நாளிலிருந்து ஒரு கேள்வி எனக்குள் உறுத்திக்கொண்டிருந்தது. “போட்டோ எடுக்கும்போது, அவர் கூப்பிடறதுக்கு முன்னாடியே ஏன் சின்னப் பசங்ககிட்ட போய் உக்காந்த?”

“எப்பவும் அங்கதானே உக்காருவேன்.”

“எப்பவும்னா?”

“ஸ்கூல்ல. கிளாஸ் போட்டோவுல நான் முன்னாடிதான். ஜிம் கிளாசுக்கும் நாலாவது பசங்ககூடத்தான் விடுவாங்க. அவங்க கூப்பிட்டுப் போகச் சொன்னா எல்லாரும் பாப்பாங்க. நானே போயிட்டா யாரும் பாக்க மாட்டாங்க.”

“இத ஏன்மா என்கிட்ட சொல்லல?”

“சொன்னேனே.”

“எப்போ?”

“ரெண்டு தடவ சொன்னேன்.” அவள் குரலில் கோபம் இல்லை. “ஒரு தடவ பஸ் ஸ்டாப்ல. நீ மீன் அளந்துட்டு வந்த அன்னிக்கு, உன் கோட்டுல மீன் வாசனை. அம்மா, எல்லாரும் வளர்றாங்க, நான் மட்டும் வளரலன்னு சொன்னேன். ஒவ்வொருத்தருக்கும் ஒரு வேகம் இருக்கு கண்ணுன்னு சொன்ன. அப்புறம் உனக்குப் போன் வந்துச்சு.”

நான் யோசித்தேன். பஸ் நிறுத்தம் தெரிந்தது. மழை தெரிந்தது. கோட்டின் வாசனைகூட வந்தது. யார் போன் செய்தார்கள், எந்தக் கூண்டைப் பற்றிப் பேசினோம் என்பதைக்கூடச் சொல்லிவிடலாம் போலிருந்தது. என் பக்கத்தில் நின்று அவள் அதைச் சொன்ன நிமிடம் மட்டும் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை.

கீழேயிருந்து அண்ணி, “அரமணி ஆயிடுச்சு, சாப்பிட வாங்க ரெண்டு பேரும்,” என்று குரல் கொடுத்தாள். தாரணி எழுந்துகொள்ளப் போனாள். நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

“இன்னொரு தடவ எப்போ சொன்ன?” என்று கேட்டேன்.

உண்மையிலேயே கேட்கிறேனா என்று அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள்.